வண்டி வாங்கப் போகிறீர்களா? பின்கட்டைப் பாருங்கள்!

அந்தக் காலத்தில் சம்பந்தம் பேசப் போகிற கூட்டத்தோடு ஒரு பாட்டியும் போவாள். ஆண்கள் கூடத்தில் ஜமக்காளத்தில் அமர்ந்து ஊர் விவகாரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வரும். பாட்டி மட்டும், "குடிக்கக் கொஞ்சம் ஜலம் வேணும்" என்று எழுந்து நேரே பின்கட்டுக்குப் போய்விடுவாள். கிணற்றடி எப்படி இருக்கிறது, பாத்திரங்களை எப்படித் துலக்கி வைத்திருக்கிறார்கள், வேலைக்காரியிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் நாலே நிமிஷத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவாள். வீட்டுக்கு வந்ததும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. கூடத்தை யார் வேண்டுமானாலும் ஒரு நாளில் அலங்கரித்துவிடலாம்; பின்கட்டை அப்படித் திருத்திவிட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"மோட்டார் சைக்கிள் வாங்குவதைப் பற்றிய கட்டுரையில் பாட்டிக்கு என்ன வேலை?" என்கிறீர்களா? அவளுக்குத்தான் முக்கியமான வேலை! கம்பெனியின் பெயர்ப் பலகை மாட்டிய ஷோரூமில் வண்டி வாங்கப் போகிறவர்களில் அநேகம் பேர் கூடத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கண்ணாடிச் சுவர், குளுகுளு காற்று, பளபளக்கும் வண்டிகள், கையில் ஒரு கோப்பை காபி. வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தக் கூடத்தோடு நமக்கு உள்ள உறவு இரண்டு மூன்று நாள்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் உறவு வைத்துக்கொள்ள வேண்டியது பின்னால் இருக்கும் பட்டறையோடு. அதை எட்டிப் பார்க்காமல் வண்டி வாங்குவது, பின்கட்டைப் பார்க்காமல் பெண்ணைக் கொடுக்கிற மாதிரி.

காத்திருந்த காலம்

ஒரு காலத்தில் இப்படித் தேர்ந்தெடுக்கும் பாக்கியமே நமக்கு இல்லை. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 'புல்லட்' உருவாக ஆரம்பித்தது. 1972-ல் பஜாஜ் 'சேத்தக்' ஸ்கூட்டர் வந்தது. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் தருவதாக வாக்குக் கொடுத்தவர், அது வந்து சேர்ந்தபோது பேரனை முன்னால் நிறுத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வண்டி கிடைத்ததே பெரிது என்றிருந்த அந்த நாளில் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

இன்று நிலைமை தலைகீழ். ஒரே சாலையில் நாலு கம்பெனிகளின் ஷோரூம்கள். பதிவு செய்தால் பெரும்பாலான வண்டிகள் சில நாட்களில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. காத்திருப்பது இப்போது ஷோரூம்தான். ஆனால் கேட்காமலிருக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சனிக்கிழமை காலை

வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஷோரூமின் பட்டறைக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். சனிக்கிழமை எதற்கு என்றால், அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும். கல்யாண வீட்டின் லட்சணம் பந்தியில் தெரியும் என்பார்களே, அதே கணக்கு.

முதலில், வண்டியை விட வருகிறவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, "சாயந்திரம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்களா? அல்லது "என்ன தொந்தரவு?" என்று விசாரித்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறார்களா? இரண்டாவது, வேலை நடப்பதை வாடிக்கைக்காரர் பார்க்கும்படி ஜன்னலோ கண்ணாடித் தடுப்போ இருக்கிறதா? மூன்றாவது, எந்த வேலைக்கு என்ன கூலி என்று எழுதிய பலகை சுவரில் இருக்கிறதா? நாலாவது, கழற்றிப் போட்ட பழைய சாமானை உரியவரிடம் காட்டுகிறார்களா?

இன்னொன்றும் பாருங்கள், சகோதரிகளே. தனியாக வந்த பெண்மணியிடம் எப்படிப் பேசுகிறார்கள்?

என் தங்கை சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கினாள். லைசென்ஸ் அவள் பெயரில், கடன் அவள் பெயரில். துணைக்குப் போனவன் கல்லூரியில் படிக்கும் எங்கள் தம்பி. விற்பனை இளைஞர், "சார், மைலேஜ் நல்லாக் கொடுக்கும் சார். பிக்கப் சூப்பரா இருக்கும் சார்" என்று தம்பியிடமே ஒப்பித்துக்கொண்டிருந்தார். தங்கையின் பக்கம் திரும்பியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "மேடம், உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

"கலர் கிடக்கட்டும். பிரேக்கைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாளாம் இவள். இளைஞர் கொஞ்சம் திகைத்துவிட்டுத்தான் விளக்க ஆரம்பித்தாராம்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் 'ஏ.பி.எஸ்.' ஏற்பாடு கட்டாயம். அதற்குட்பட்ட வண்டிகளில், ஒரு பிரேக்கை அழுத்தினாலும் இரண்டு சக்கரங்களும் பிடிக்கும் 'சி.பி.எஸ்.' ஏற்பாடாவது இருக்க வேண்டும். பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகிறவளுக்குக் கலரைவிட இது முக்கியமல்லவா?

பில் என்னும் புராணம்

விலைப் பட்டியலைக் கையில் வாங்கியதும் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். மளிகைச் சிட்டையில் கடுகு, சீரகம் வரைக்கும் சரிபார்க்கிறவர்கள் லட்ச ரூபாய்ச் சிட்டையைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

முதல் வரி 'எக்ஸ்-ஷோரூம்' விலை. ஜி.எஸ்.டி. வரி இதிலேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு இந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ். இதுவரை நியாயம்தான். இதற்குக் கீழே வருகிற வரிகளில்தான் புராணம் ஆரம்பிக்கிறது.

'ஹாண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்று இருக்கும். வண்டியை லாரியிலிருந்து இறக்கி, துடைத்து வைத்ததற்கான கூலி என்பார்கள். ஜவுளிக் கடையில் அலமாரியிலிருந்து புடவையை எடுத்துக் காட்டியதற்குத் தனிக் கூலி கேட்டால் சும்மா விடுவீர்களா? சில மாநிலங்களில் போக்குவரத்துத் துறையே இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. "இது எந்தச் சட்டப்படி? எழுதிக் கொடுங்கள்" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். பல இடங்களில் அந்த வரி மாயமாய் மறைந்துவிடும்.

அடுத்தது 'ஸாரி கார்டு'. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் அந்தக் கம்பி வலை. இதைத் தனிச் சாமானாகப் பட்டியலில் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி என்ன சொல்கிறது தெரியுமா? பின்னால் ஆள் உட்காரும் மோட்டார் சைக்கிள் எதுவானாலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருந்தே தீர வேண்டும். இவை வண்டியின் அங்கங்கள்; அலங்காரச் சாமான்கள் அல்ல. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. "அழகு கெட்டுவிடும்" என்று பிள்ளைகள் அதைக் கழற்றச் சொன்னால், தாய்மார்கள் ஒரே பிடியாக மறுத்துவிடுங்கள்.

ஹெல்மெட் விஷயமும் அப்படித்தான். வண்டி விற்கும்போதே இந்தியத் தர நிர்ணய முத்திரை பெற்ற ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது 138-வது விதி. கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பகுதியைப் புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் இது நடைமுறை. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அதை எடுப்பது புத்திசாலித்தனம். கடன் கொடுக்கிறவர்களும் வற்புறுத்துவார்கள். ஆனால் அதை ஷோரூம்காரர் சொல்கிற கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே நாலு இடத்தில் விலை விசாரித்துவிட்டுப் போங்கள். கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிறோம்!

ஸீட் கவர், வண்டி மூடும் உறை, பக்கக் கம்பி, பளபளப்புப் பூச்சு எல்லாம் உங்கள் இஷ்டம். "இது இல்லாமல் வண்டி கொடுக்க மாட்டோம்" என்றால், பாட்டியை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ராகு காலத்துக்கு முன்

வண்டியை எடுக்கும் நாளில் நமக்கு ஒரு பலவீனம். "ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், சீக்கிரம்!" என்று வீட்டிலுள்ள பெரியவர் அவசரப்படுத்துவார். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்தப் பரபரப்பில் எங்கே கையைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அதற்கு முந்தின நாளே போய்விடுங்கள். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தில் உள்ளவையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். விற்பனைச் சான்றிதழான 21-ம் எண் படிவத்தில் வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். போன வருஷத்து வண்டியை இந்த வருஷத்து விலைக்கு வாங்கிவிடாமலிருக்க அது உதவும். ஓடிய தூரம் எவ்வளவு காட்டுகிறது, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவாகாமல் வண்டியை விற்பனையாளர் ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. "நம்பர் அப்புறம் வரும், நீங்க ஓட்டிட்டுப் போங்க" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வழியில் ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரு காகிதத்தின் கதை

இனிப் பின்கட்டுக்கு வருவோம். என் தங்கையின் ஸ்கூட்டர் நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு, முன் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி உதற ஆரம்பித்தது. பட்டறையில் வண்டியை விட்டபோது முன் மேஜையில் இருந்தவரிடம் சொன்னாள். "பார்த்துடலாம் மேடம்" என்றார். சாயந்திரம் வண்டி குளித்து முழுகிப் பளபளவென்று வந்தது. உதறல் அப்படியே இருந்தது. மறுபடி போனாள், மறுபடியும் அதே பதில், அதே குளியல், அதே உதறல். ஒரு மழை நாளில், பின்னால் ஆறு வயது மகள் உட்கார்ந்திருக்க, பஸ் ஒன்று திடீரென்று நின்றது. இவள் பிரேக்கைப் பிடிக்க, கைப்பிடி துள்ள, வண்டி சறுக்கி ஒரு முழ தூரத்தில் நின்றது. தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு அவள் தூங்கவில்லை.

மறுநாள் நானும் உடன் போனேன். முந்தைய இரண்டு 'ஜாப் கார்டு'களையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'ஜெனரல் சர்வீஸ்'. பிரேக் என்ற பேச்சே இல்லை!

"நான் சொன்னதை எழுதுங்கள்" என்றாள் தங்கை. "முன் பிரேக் பிடித்தால் கைப்பிடி உதறுகிறது. எழுதி, பழுது பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். அவரே ஓட்டிப் பார்க்கட்டும்."

உள்ளேயிருந்து கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியவர் வந்தார். தெருக்கோடி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினார். "டிஸ்க் தட்டு லேசா வளைஞ்சிருக்கு அம்மா. மாத்திடணும். வாரண்டியிலேயே வரும்" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனே" என்றார்.

பாருங்கள்! அவள் சொல்லாமல் இல்லை. இரண்டு தடவை சொன்னாள். ஆனால் அவள் பேசியது கூடத்தில். வண்டியைத் தொட்டவர் இருந்தது பின்கட்டில். இரண்டுக்கும் நடுவே போய் வருவது அந்த ஒரு காகிதம்தான். அதில் எழுதாத சொல் பட்டறைக்குள் போகவே போகாது.

ஆகையால், எந்தப் பட்டறையானாலும் வண்டியை விடும்போது ஜாப் கார்டைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே இருக்கட்டும். உத்தேசச் செலவையும் அதில் எழுதச் சொல்லுங்கள். "இதற்கு மேல் ஆனால் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொல்லுங்கள். நகலை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே பத்திரப்படுத்துங்கள்.

வண்டியோடு ஒரு கையேடு தருகிறார்களே, அதைப் பிரித்துப் பார்த்ததுண்டா? வாரா வாரம் தொடர்கதைக்குக் காத்திருக்கும் நம் வாசகியர் அதையும் ஒரு தொடர்கதையாக நினைத்துப் படிக்கலாம். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல ஸ்கூட்டர்களுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்கூட வேண்டியதில்லை. பில்லில் உள்ள அளவும் கையேட்டில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள். புது எஞ்சினில் உராய்வால் உதிரும் உலோகத் துகள் எண்ணெயில் கலந்திருக்கும். அதை மாற்றியாக வேண்டும். 'இலவச சர்வீஸ்' என்பதில் பொதுவாகக் கூலி மட்டுமே இலவசம், எண்ணெய்க்கும் சாமான்களுக்கும் பணம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கையேட்டில் இல்லாத 'எஞ்சின் கழுவல்', 'விசேஷப் பூச்சு' போன்றவற்றுக்கு, "வேண்டாம், நன்றி" என்ற இரண்டு சொல் போதும்.

வாங்கிய இடத்தில் மனம் கசந்துவிட்டதா? பெரும்பாலான கம்பெனிகளில், அதே கம்பெனியின் வேறு அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குப் போனாலும் இலவச சர்வீஸும் வாரண்டியும் செல்லும். நல்ல பின்கட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு

ஷோரூம்காரர்கள் எல்லோரும் நம் மடியில் கை வைக்கக் காத்திருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன் மேஜை இளைஞருக்கு மாதந்தோறும் இத்தனை இன்ஷூரன்ஸ், இத்தனை சாமான் விற்க வேண்டும் என்ற கணக்கு தலைக்கு மேல் தொங்குகிறது. பட்டறைத் தொழிலாளி ஒரு நாளில் பார்க்க வேண்டிய வண்டிகள் ஏராளம். நிதானமாகக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அந்தப் பெரியவரைப் போன்றவர் கிடைத்தால், வேலை நன்றாக இருந்ததென்று மேலாளரிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கோபத்தைச் சொல்லத் தெரிந்த நமக்குத் திருப்தியைச் சொல்லவும் தெரிய வேண்டும்.

அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. முதலில் விற்பனையாளருக்கும், பிறகு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்னை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே முதலில் கேட்பது, "காகிதம் எங்கே?" என்றுதான். பில், ஜாப் கார்டு, கடித நகல் இவைதான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்த வாரம் உங்கள் வீட்டிலும் வண்டி பார்க்கப் புறப்படலாம். "நீ எதுக்கு? நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்று ஆண்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், கூடவே போங்கள். அந்த வண்டியில் பின்னால் உட்காரப் போவது நீங்கள். முன்னால் நிற்கப் போவது உங்கள் குழந்தை. மாதத் தவணைக்காகச் செலவைச் சுருக்கப் போவதும் நீங்கள்தான். கைப்பையில் ஒரு பேனாவும் மூக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். ஷோரூம் வாசலில் காபி கொடுத்தால் குடியுங்கள். குடித்துக்கொண்டே, "உங்க சர்வீஸ் செய்யற இடம் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள்.